என் பெயரில் வாங்கிய இருமல் மருந்து

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருமகளாக இருந்த காலம். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த நாட்களில் டிஸ்பென்சரி வாசலில் என்னைப் போல இருமியவள் யாருமில்லை. எனக்கு இருமல் கிடையாது. இருமல் என் மாமனாருக்கு.

முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனிதர் அவர். மூச்சு வாங்கத் தொடங்கியதும் வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் இருந்து பெயரை வெட்டிவிட்டார்கள். செக்ரோலில் பெயர் இல்லையென்றால் எங்கள் தோட்டத்தில் மருந்தும் இல்லை. பதுளைக்குக் கூட்டிப் போகலாம் என்றால், பஸ் வரும் இடத்துக்கே அவரை மைல் கணக்கில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். வேலைக்குப் போகும் ஒருவர் வீட்டுக் கிழவரின் நோயைத் தன் நோயென்று சொல்லி மருந்து வாங்கி வருவார். என் கணவர் விடியுமுன்பே ஃபாக்டரிக்குப் போய்விடுவதால், எங்கள் வீட்டில் அந்த நோயாளி நான்தான்.

வெறும் போத்தலோடு போய், மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து ஐயா முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வீட்டுக்கு வந்து மாமாவிடமும் இருமிக் காட்டுவேன்.

"என்னைய விட நல்லா இருமுற தாயி" என்று சிரிப்பார்.

மருந்து குடித்த நாட்களில் தானாகவே எழுந்து வாசலில் வெயில் காய்வார். அந்த வெயிலும் ஒரு கோப்பை பால் சேர்க்காத சாயத்தண்ணியும் இருந்தால் அவருக்கு வேறு குறை இல்லை.

ஒருநாள் அளவுக்கு மீறி இருமிவிட்டேன். ஐயா என்னை உற்றுப் பார்த்தார்.

"இப்பிடி இருமிக்கொண்டு மலைக்குப் போகக்கூடாது. ஒரு கிழமை வீட்டில இரு. கங்காணிக்குத் துண்டு எழுதித் தாறன்."

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு கிழமைப் பேர், அதாவது ஒரு வாரக் கூலி, போனால் தீபாவளி முற்பணம் குறையும். கடையில் நான் பார்த்து வைத்திருந்த சிவப்புச் சேலையும் போய்விடும்.

"வேணாங்க. எனக்குச் சுகமாயிருச்சு, மருந்தே வேணாங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் போத்தலோடு, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடினேன்.

சாயங்காலம் அந்த எரிச்சலை மாமா மேல் கொட்டினேன். "உங்க இருமலால என் பேரு போகப் பாத்துச்சு. இனி நா அங்க போமாட்டேன்."

அவர் சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கும் இப்ப தேவலை தாயி" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் இருமல் சத்தம் கேட்கவில்லை. உண்மையிலேயே குணமாகிவிட்டது என்று நம்பினேன். இல்லை, இது பொய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மாமாவைக் காணோம். லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் போய்ப் பார்த்தேன். வடிகால் கானுக்குள் குந்தியிருந்தார். தலைத்துண்டைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. என்னைக் கண்டதும் அவசரமாகத் துண்டை எடுத்தார்.

"கொழுந்து நெறையவா தாயி?"

"ஆமா மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கையைப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். மறுநாள் காலையில் போத்தலை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. இவ்வளவு வருஷம் கழித்து இதை எழுதும்போதும் வெட்கத்தில் முகம் சுடுகிறது.

தீபாவளியன்று காலையில் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் காலில் விழுந்தேன். எப்போதும் வாய் நிறைய வாழ்த்துகிறவர் அன்று என் தலையில் கையை மட்டும் வைத்தார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். திறந்தால் இருமல் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.