தெர்மாகோல் பெட்டியோடு ஜவ்வாது மலைக்கு இரண்டு முறை

ஜவ்வாது மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் கோழித் தடுப்பு மருந்து கொண்டுபோனேன். பங்குனி வெயில் ஏறிய சமயம். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் அக்கா சாந்தி போன் செய்தாள். "அடுத்த தெருவுல கோழிங்களுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்துட்ச்சிடா. சீக்கிரம் ஊசி மருந்து வாங்கினு வா." நாட்டுக்கோழி விற்றுத்தான் அவள் வீடு ஓடுகிறது.

எனக்கும் ஒரு சுயநலம் இருந்தது. வேலூரில் ஓர் ஆய்வகத்தில் நானோ பொருட்கள் செய்கிறேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஸ்டிக்கர் செய்திருந்தேன். அதில் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள் இருக்கும். தள்ளித் தள்ளி நிற்கும்வரை அவை சிவப்பு. குளிர் விட்டுப்போனால் துகள்களைச் சுற்றியுள்ள பாலிமர் உறை சுருங்கி, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஊதாவாகிவிடும். பிறகு ஐஸிலேயே புதைத்தாலும் சிவப்பு திரும்பாது. வழியில் மருந்து சூடானதைக் காட்டிக்கொடுக்கத்தான் இது. ஆய்வகத்தை விட்டு அது வெளியே வருவது இதுதான் முதல் முறை.

காலை எட்டு மணிக்கு போளூரில் மருந்து வாங்கி, குப்பியில் ஸ்டிக்கர் ஒட்டி, மிச்ச ஸ்டிக்கர்களோடு ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தேன். மலைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இன்ஜின் பக்கம் உட்காராதீர்கள், அனல் அடிக்கும்.

பஸ் கிளம்பியதும் மூடியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு. அடிவாரத்தில் பார்த்தேன். சிவப்பு. அப்புறமும் கை சும்மா இருக்கவில்லை. வெளியே நல்ல காடு, நான் அதைப் பார்க்கவே இல்லை.

"பொட்டியில இன்னா சார், பூனைக்குட்டியா?" என்றார் கண்டக்டர். "சும்மா சும்மா தொறந்து பாக்கறீங்க."

"மருந்துங்க."

"மருந்து எங்க எழுந்து ஓடிடப்போவுது?"

சிரித்து வைத்தேன். அடுத்த வளைவில் மறுபடி திறந்தேன்.

அக்கா வீட்டில் திறந்தபோது ஐஸ் தண்ணீராகிக் கிடந்தது. ஸ்டிக்கர் ஊதா. மிச்சம் வைத்திருந்தவையும் ஊதா. அடப்பாவி, குளிரைத் திறந்துவிட்டதே நான்தான்!

"பரவால்ல, போட்டுடலாம்" என்றாள் அக்கா.

"வேணாங்க்கா. மருந்து கெட்டிருக்கும்."

"உன் ஸ்டிக்கரே தப்பா காட்டுனா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அதை நம்பாவிட்டால் இத்தனை வருஷம் நான் எதைச் செய்தேன்? நம்பினால், மருந்து இல்லாமல் கோழிகள் சாகலாம். "தூக்கிப் போட்டுடுக்கா. மறுபடியும் போளூர் போலாம்" என்றேன்.

அக்காவும் கூடவே கிளம்பினாள். போளூரில் புது மருந்து, இரண்டு பங்கு ஐஸ். ஒட்டுவதற்குத்தான் ஸ்டிக்கர் இல்லை. அக்கா பழைய புடவைத் துணியால் பெட்டியை இறுக்கி முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மலைக்கு பஸ் குறைவு. சாயங்கால பஸ்ஸை ஓடிப் பிடித்தோம்.

பாதி வழியில் என்னால் முடியவில்லை. "அக்கா, ஐஸ் இருக்குதான்னு ஒரே ஒரு தடவை..."

"கைய ஒடிச்சிடுவேன்."

பொழுது சாய்ந்து கோழிகள் கூட்டில் அடங்கியிருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, அக்கா இறக்கையடியில் ஊசி போட்டாள். இந்த முறை ஐஸ் கட்டி கட்டியாக இருந்தது. ஆனாலும் மருந்து கெடவில்லை என்று சொல்ல என்னிடம் ஸ்டிக்கர் இல்லை.

வேலூர் திரும்பியும் நிம்மதி இல்லை. போன் அடித்தாலே திக்கென்றது.

மருந்து கொண்டுபோகிறவர்களுக்கு: ஐஸை நினைத்ததைவிட அதிகம் போடுங்கள். திரும்பும் பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பெட்டியை நம்மை முடிச்சவிழ்க்க விடாத ஆளிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்டிக்கரைப் பெட்டிக்கு வெளியிலிருந்தே பார்க்க வழி செய்துகொண்டிருக்கிறேன். அக்காவிடம் சொன்னதற்கு, "அப்பவும் நோண்டுவ நீ" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து விடியற்காலையில் அவள் போன். எதிர் வீட்டில் ஒரு கோழிகூட மிச்சமில்லையாம்.

"நம்ம கோழிங்க இன்னாக்கா ஆச்சி?"

"தூங்க வுட மாட்டுதுங்க. நீயே கேளு" என்று போனைக் கூட்டுப் பக்கம் நீட்டினாள். சேவல் கூவியது.