வகுப்புக்கே வராத பெண்

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். நீதிமன்றம், அரசு ஆஸ்பத்திரி, ஜி.எஸ்.டி. சாலை விபத்துகள், மாமல்லபுரத்துக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் அது. அந்த வேலை எனக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. ஒன்று, எதிரில் இருப்பவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுவது. இன்னொன்று, எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லாமல் இருப்பது. காரணம் தெரிந்தால் ஆட்கள் அதற்கேற்ற மாதிரி பேசுவார்கள், தெரியாவிட்டால் உள்ளதைப் பேசுவார்கள் என்று நம்பினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பத்திரிகை எங்கள் ஊரில் ஆட்களைக் குறைத்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே வேலைக்குச் சேருகிறவர்கள் காட்டும் சான்றிதழ்கள் உண்மையா என்று விசாரித்துச் சொல்லச் சென்னையில் நிறுவனங்கள் முளைத்திருந்தன. அவற்றில் ஒன்றுக்கு இந்தப் பக்கத்தில் நேரில் போய் விசாரிக்க ஆள் தேவைப்பட்டது. நான் சேர்ந்தேன். திருப்போரூரிலிருந்து அச்சரப்பாக்கம் வரை என் எல்லை.

வேலை எளிது. கணினிப் படிப்புச் சான்றிதழின் நகலும் ஆளின் புகைப்படமும் வரும். பயிற்சி மையத்துக்குப் போய், இவர் இங்கே படித்தாரா, எவ்வளவு காலம் வந்தார் என்று கேட்க வேண்டும். பெயர்ப்பலகையைப் படம் எடுக்க வேண்டும். அப்படியே வீட்டு முகவரியும் சரியா என்று தெருவில் விசாரிக்க வேண்டும். நாங்கள் அனுப்புவதை வைத்துச் சென்னையில் நிறம் போடுவார்கள். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் பொய். மஞ்சள் என்றால் வேலை கொடுத்தவர் தானே முடிவு செய்துகொள்ள வேண்டும். என்ன நிறம் விழுந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. விண்ணப்பதாரரிடம் மட்டும் எக்காரணம் கொண்டும் பேசக் கூடாது.

கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் போய் விசாரித்தால் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று என் அடையாள அட்டையை முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். உள்ளடங்கிய ஊர்களில் அப்படி இல்லை. நாற்காலி போடுவார்கள், மின்விசிறியை நம் பக்கம் திருப்புவார்கள், கேட்காததையும் சொல்வார்கள். அந்த ஊர்களில் என் வேலை சுலபம் என்று நினைத்திருந்தேன்.

கருங்குழியில் ஒரு மையம், உரக்கடைக்கு மேல் மாடியில். பெரிய கணினிப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் கிளையாக ஆரம்பித்தது. தலைமை நிறுவனம் மூடிப் போய்விட்டதால் இணையத்தில் பதிவு கிடையாது, நேரில்தான் கேட்க வேண்டும். கையெழுத்து, முத்திரை வேண்டியதில்லை, வாய்மொழித் தகவலே போதும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். விசாரிக்க வேண்டிய பெண் அதற்குள் வேலையில் சேர்ந்திருந்தாள். நெட்வொர்க்கிங் சான்றிதழைக் காட்டித்தான் அந்த வேலை கிடைத்திருந்தது.

மையத்தை நடத்தியவர் நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மாள். மாணவர்கள் அவரை மேடம் என்பார்கள். நான் வழக்கம்போலப் புகைப்படத்தை மேசைமேல் வைத்தேன்.

"இந்தப் பொண்ணைத் தெரியுமாம்மா?"

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"ஒக்காருங்க சார். எங்கேருந்து வர்றீங்க?"

"செங்கல்பட்டு."

"வூடும் அங்கயேதானா?"

"ஆமா."

"தங்கமான பொண்ணு சார். அது இருக்கிற எடமே தெரியாது."

"இங்கதான் படிச்சாங்களா?"

"பேருக்குத்தான் இங்க. கிளாஸுக்கே வராது. சாயங்கால பேட்ச் ஃபுல்லா பசங்கோ. அதுங்க கூட இது எதுக்கு வந்து ஒக்காரப் போவுது? வூட்டுலயே பொஸ்தகத்த வெச்சுகினு படிச்சுக்கும். பரீட்சைக்கு மட்டும் அவுங்க நைனா கூட வரும், எழுதும், கெளம்பிடும்."

"சிஸ்டத்துல உக்காந்து பழகலையா?"

"யாரு, அதுவா? பரீட்சை அன்னிக்குத் தவிர இந்தப் படி ஏறினதே இல்ல சார்."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அது வினோதமாக இருந்தது, ஆனால் வினோதமான பதில்கள்தான் உண்மையாக இருக்கும் என்பது என் தொழில் அனுபவம். கிளம்பும்போது என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். "நல்லபடியா முடியட்டும் சார்" என்றார். அந்தப் பெண்ணின் வேலையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் ஊருக்குப் போனேன், கருங்குழியிலிருந்து உள்ளே, ஏரியைத் தாண்டி. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் படத்தைக் காட்டி வீடு எது என்று கேட்டேன். வீட்டைக் காட்டினார். "நல்ல குடும்பம் சார். பொண்ணு வாசல்ல கூட நிக்காது" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அறிக்கையை ஆங்கிலத்தில் நிரப்பினேன். ஆனால் மேடம் சொன்னதை மொழிபெயர்க்காமல், மேற்கோள் குறிக்குள், அவர் பேச்சிலேயே தமிழில் எழுதினேன். அப்படி எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

சில வாரங்கள் கழித்துக் கல்பாக்கத்தில் ஒரு வீட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஓர் அதிகாரி என் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது.

"சார், கருங்குழி கம்ப்யூட்டர் சென்டர். தப்பா நெனைக்காதீங்க. மாப்ள வூட்டுல இன்னா சொல்றாங்க?"

"எந்த மாப்ளம்மா?"

"இன்னா சார் இது. நீங்கதான வந்து போட்டோ காட்டிக் கேட்டீங்க? பொண்ணோட அம்மா என்னண்ட கேட்டுகினே கீது. பாவம், பொண்ணுக்கு வேலை வேற போயிடுச்சு."

அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நான் அவரிடம் எதையும் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.

கருங்குழி மாடியில் மேடம், நான் சான்றிதழ் விசாரணைக்குத்தான் வந்தேன் என்பதைக் கடைசிவரை கேட்டார். பிறகு கணினித் திரையை அணைத்தார்.

"டெய்லி வரும் சார். அந்த பேட்ச்ல இது ஒண்ணுதான் பொண்ணு. நான் இல்லாத நேரத்துல பசங்களுக்கு இதுதான் கிளாஸே எடுக்கும். சென்டர் பூட்டற வரைக்கும் அந்த மூலைல கீற சிஸ்டத்துல ஒக்காந்துகினு இருக்கும்."

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஒரு ஆம்பள வயசுப் பொண்ணு போட்டோவ எடுத்துகினு வந்து, இது எப்படின்னு கேட்டா, இன்னான்னு நெனைக்கிறது? பசங்களோட ஒக்காந்து பேசிகினு இருந்துச்சுன்னு மாப்ள வூட்டாண்ட சொல்ல முடியுமா? யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க." என்னை நேராகப் பார்த்து, "நீங்க இன்னா விஷயம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

சொல்லாமல் இருந்தது மறதியால் அல்ல. அதுதான் என் முறை.

சென்னையில் என் மேற்பார்வையாளர் என்னைவிடப் பல வயது இளையவர், நல்ல பையன். போனில் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணாத்த, மொதல்ல வரவே இல்லன்னாங்க. இப்ப டெய்லி வந்துச்சுன்றாங்க. நடுவுல யாரு யாரைக் கவனிச்சாங்கன்னு கம்பெனிக்காரன் கேப்பான். இன்னா சொல்லட்டும்?"

"தப்பு என் மேலன்னு சொல்லு."

"உங்க மேல இன்னா தப்பு? சொன்னத எழுதினீங்க. புதுசா வர்றவங்களுக்கு உங்க ரிப்போர்ட்டத்தான் காட்டிகினு இருக்கேன், இப்படி எழுதணும்னு."

அதற்குமேல் அவரைத் திட்டவும் முடியவில்லை. ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி அனுப்பினேன். என் எழுத்தில் நான் வந்தது அதுவே முதல் முறை, அதனால் வாக்கியங்கள் சரியாக அமையவில்லை. கொஞ்ச நாளில் பதில் வந்தது. சிவப்பு மஞ்சளாகியிருந்தது. ஆனால் அவள் இடத்தில் வேறொருவரை எடுத்தாயிற்று, கோப்பை முடித்துவிட்டோம் என்று நிறுவனம் தெரிவித்திருந்தது.

அதைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். கோப்பே மூடப்பட்ட பிறகு எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. அப்பா டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு படாளம் ஆலைக்குப் போயிருந்தார். அம்மா வாசற்படியிலேயே நின்றாள். பெண் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். புகைப்படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தாள். மேடம் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"ஃபாரத்துல என் நம்பர் இருந்துச்சுல்ல சார்?"

"இருந்தது. உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு ரூல்."

"என்னைப் பத்தி ஊரெல்லாம் கேக்கலாம். என்னண்ட மட்டும் கேக்கக் கூடாதா?"

அம்மா "ஏய், மெதுவா பேசு" என்றாள். பெண் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல ஒரு ரூம்ல உக்கார வெச்சு, எத்தினி நாள் கிளாஸுக்குப் போனேன்னு கேட்டாங்க. டெய்லின்னு சொன்னேன். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாங்க. இங்கிலீஷ்ல எழுதியிருந்தா, யாரோ பொய் எழுதிட்டாங்க சார்னு சொல்லியிருப்பேன். நீங்க 'இந்தப் படி ஏறினதே இல்ல சார்'னு எழுதியிருந்தீங்க. படிச்சா எங்க மேடம் குரல் கேக்குது. அவங்க சொல்லலன்னு எப்படிச் சொல்றது? வாயே வரல."

நிருபராக இருந்த காலத்தில் யாராவது என் எழுத்தைப் பற்றி இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஏங்கியதுண்டு.

அம்மாவுக்கு வேறு கவலை இருந்தது. "தெருவுல இன்னா பேசிக்கிறாளுங்க தெரியுமா? மாப்ள வூட்டுலேருந்து ஆள் வந்து வெசாரிச்சிட்டு, பொண்ணு வாணாம்னு போயிட்டாங்களாம். இவளும் வேலைக்குப் போவாம வூட்டுல கீறாளா, ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசறாளுங்க."

"நானே தெருவுல போய் உண்மையைச் சொல்லிடறேன்மா. வேலை விஷயமாத்தான் வந்தேன்னு."

"வாணாம் சார்" என்றாள் பெண். "வேலை விஷயம்னா, வேலைல இன்னா தப்பு பண்ணுச்சுன்னு அடுத்து ஆரம்பிப்பாங்க. நான் வேற எடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். அங்கேருந்தும் ஒருத்தர் போட்டோ எடுத்துகினு வருவாரு, இதே தெருவுலதான் கேப்பாரு. மாப்ள வூடுன்னே இருந்துட்டுப் போவட்டும். பொண்ணுதான் வாணாம்னு சொல்லிடுச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

"அடிப் பாவி" என்றாள் அம்மா. சிரிப்பு வந்ததை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தினேன். நான் கேட்காமலேயே சோடாவை உடைத்துக் கொடுத்தார் கடைக்காரர். பெஞ்சில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"இன்னா சார், முடிஞ்சுதா?"

"இல்லீங்க. எங்களுக்கெல்லாம் புடிச்சிருந்தது. பொண்ணு வேணாம்னுடுச்சு."

"பையன் இன்னா பண்றான்?"

"பேப்பர்ல இருக்கான். நிருபர்."

"அதான" என்றார் அவர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் கடைக்காரர் தொடர்ந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க சார். அது கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. மழையானாலும் சரி, வெயிலானாலும் சரி, டெய்லி சாயங்காலம் இதே வழியா கருங்குழி சென்டருக்குப் போவும். இருட்டினப்புறம்தான் வரும். படிக்கிற காலத்துல எத்தினி தடவ பாத்திருக்கேன்? அதுக்கு நெறைய படிச்சவனாத்தான் பாக்கணும்."

சோடாவைக் குடித்து முடித்தேன். முதல் தடவை நான் வந்தபோதும் இதெல்லாம் அவருக்குத் தெரியும்.