தென்னேரி முனியனின் அண்ணன்: காஞ்சிபுரத்தில் இரண்டு நாள், ஐந்து தலைமுறை

காஞ்சிபுரம் வரை போய்க் கோயிலுக்குள் நுழையாமல், புடவைக் கடைப் படியும் ஏறாமல் திரும்பிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்த மாசி மாதம் ஒரு சனி, ஞாயிறு போய்வந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஊர் வரலாற்றில் ஆர்வம் உள்ள சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் இரண்டு நாள் ஒரு கூடுகை நடத்துகிறார்கள். சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் தங்கள் வம்சாவளிப் படத்தை எழுதிக் கயிற்றில் மாட்டலாம். ஐந்து தலைமுறை நிரம்பிய படங்களைக் கடைசி நாள் மூன்று மணிக்கு இறக்கி, தொகுப்பாகக் கட்டி நூலகத்தில் வைப்பார்கள்.

போன ஆண்டும் போனேன். என் படம் நான்கோடு நின்றது. நான், அப்பா, தாத்தா சின்னசாமி, கொள்ளுத்தாத்தா முனியன். அதற்கு மேலே வெறும் தாள். அப்போது பக்கத்துப் படத்துக்காரர் தணிகாசலம், திருப்புட்குழி விவசாயக் குடும்பம், இப்போது அரிசி மண்டியும் கட்சிப் பதவியும் உள்ளவர், ரொம்பப் பரிவாக ஒன்று சொன்னார். "உங்க பக்கமெல்லாம் காகிதம் இருக்காதும்மா. நாலு தலமுறை வந்ததே பெரிசு." அவர் படத்தில் ஏழு. நல்ல மனிதர்தான், அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. தாம்பரம் வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஆட்கள் தென்னேரியில் நிலமில்லாத கூலிகள். நான் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் ஒட்டாத குப்பி வந்தால் சோதிக்காமல் தூக்கிப் போடுவதுதான் எங்கள் வழக்கம். முனியனைப் பெற்றவர்களை அந்தக் குப்பியாக விட எனக்கு மனமில்லை. ஒரு வருஷம் அலைந்து பழைய நிலப் பதிவேட்டின் நகல் வாங்கிப் பார்த்தேன். நிலம் இருந்தால்தானே அதில் பெயர் இருக்கும்!

சனிக்கிழமை காலை 6.10க்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். வாலாஜாபாத் 7.45, கட்டணம் 40 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தென்னேரிக்கு 20 ரூபாய். முதல் வேலையாக ஏரிக்கரையில் ஏறி நின்றேன். இந்தப் பக்கம் பார்க்காதவர்கள் இந்த ஏரியைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், மதகுப் பக்கம் கொக்குக் கூட்டம். எங்கள் ஆட்கள் இதில் எத்தனை கூடை வண்டல் சுமந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றபோது, கரையோரம் குட்டி யானை சரக்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்.

"யாரு வூட்டுக்கு வந்துக்கீறீங்க?"

"முனியன்னு ஒருத்தர் இங்க இருந்தாருங்க. எங்க கொள்ளுத்தாத்தா."

"எந்த முனியன்மா? அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு முனியன் இருந்திருப்பான்!"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டேன். டீ கிடைத்தது, முனியன் கிடைக்கவில்லை. தென்னேரிக்கு ஒதுக்கிய மூன்று மணி நேரம் அப்படியே போனது. பகல் 12.20க்கு வாலாஜாபாத் திரும்பி, பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் ஏறி ஒன்றேகாலுக்குக் காஞ்சிபுரம் பஸ் நிலையம் சேர்ந்தேன். நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ், இரவுக்கு 900 ரூபாய், சுத்தம் சுமார்.

ஹாலுக்கு நடந்தே போகலாம், பத்து நிமிடம். அனுமதி இலவசம். பெரிய சார்ட் தாள் மட்டும் 15 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். ஒரு மேசையில் பழைய பத்திரக் கையெழுத்தைப் படித்துச் சொல்கிறார்கள். ஆற்காட்டு நவாப் காலத்து உருதுச் சொற்கள் கலந்த பத்திரம் என்றாலும் கவலை இல்லை. இன்னொரு மேசையில் குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள். நடுவில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் படங்கள். தணிகாசலம் அண்ணனின் ஏழு தலைமுறை அதே இடத்தில் பளபளவென்று தொங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தாள்களைச் சரிபார்க்கும் மேசையில் பவித்ரா என்ற பெண் இருந்தாள். கல்லூரி நூலகத்தில் வேலை, முப்பது வயது இருக்கும். என் தாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, கூடப் பொறந்தவங்க கட்டம் ஃபுல்லா டேஷ் போட்டுக்கினு வந்திருக்கீங்க. முனியன் ஒரே புள்ளையா? கன்ஃபார்மா?"

"எங்க நேர் வழி மட்டும் போதும்னு விட்டுட்டேன்."

"நேரா போனா செவுருதானேக்கா இருக்குது? பக்கத்துல யார்னா இருந்தாங்களா, கேட்டுப் பாருங்க."

கேட்க ஒரே ஆள்தான் உண்டு. பெரம்பூரில் இருக்கும் என் அத்தை, அப்பாவின் அக்கா. ஹால் வாசலில் நின்று போன் போட்டேன். முதலில், "இன்னாத்துக்குடி இப்ப அந்தப் பேச்சு?" என்றார். விடவில்லை நான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், அடுத்த அறையில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதைப் போல.

"ஒருத்தர் இருந்தாருடி. முனியன் தாத்தாவுக்கு அண்ணன். வேதத்துக்குப் போய்ட்டாரு, கிறிஸ்தவரா மாறிட்டாரு. யாக்கோபுன்னு பேர் வெச்சிக்கினு மாகறலத் தாண்டி ஏதோ ஊருல இருந்தாராம். அந்தப் பேர எடுத்தாவே எங்கப்பா தட்டத் தள்ளிவுட்டு எழுந்துடுவாரு. அதான் நாங்க யாரும் எடுக்கறதில்ல."

எனக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு இப்படி ஒரு கொள்ளுத்தாத்தா இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். திரும்பி வந்து சொன்னதும் பவித்ரா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "அக்கா, வேதத்துக்குப் போனவருன்னா ஞானஸ்நான ரிஜிஸ்டர் இருக்கும். அதுல அப்பா, அம்மா ரெண்டு பேர் பேரும் கேட்டு எழுதியிருப்பாங்க!" என்றாள். அன்றைக்கு மாலையே அங்குமிங்கும் விசாரித்து, மாகறலைத் தாண்டி இருக்கும் ஒரு சிறிய ஊரின் சபையைக் கண்டுபிடித்து, போதகரிடம் அனுமதியும் வாங்கிக் கொடுத்தாள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று சபையார் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஞாயிறு காலை 8 மணிக்கு சீனுவின் ஆட்டோ. போய்வர, காத்திருப்பு உட்பட 700 ரூபாய் பேசினோம். சீனு தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. காஞ்சிபுரத்து ஆட்டோக்காரர் தறியை வைத்துத் தத்துவம் பேசுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பாதி வழி முழங்கால் வலி, மீதி வழி மச்சினன் வாங்கிய பைக். மாகறல் கோயில் கோபுரம் தெரிந்தபோது மட்டும், "பழைய கோயிலும்மா. கல்வெட்டெல்லாம் இருக்குது. உங்க பேரு அதுல இருக்குமா?" என்று கேட்டார்.

"கோயில் விளக்கு நெய்க்கு ஆடு குடுத்தவங்க பேரு இருக்கும். கல்லு சுமந்தவங்க பேரு இருக்காது" என்றேன்.

"அதுவும் கரீட்டுதான்" என்றார் சீனு, பிறகு மறுபடி முழங்காலுக்கு வந்தார்.

மொத்தம் 19 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டர் சாலை மோசம். ஆராதனை 10.15க்கு முடியும் வரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சபைச் செயலாளர் எஸ்தர், ஐம்பது வயதுக்காரர், ஊரில் தையல் கடை வைத்திருப்பவர், சாவிக்கொத்தோடு வந்து இரும்பு பீரோவைத் திறந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். தென்னேரியிலிருந்து வந்த யாக்கோபு என்றேன். சாவியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"யாக்கோபா? எங்க வூட்டுக்காரருக்குக் கொள்ளுத்தாத்தாம்மா அவரு! நீங்க இன்னா வேணும்?"

"அவரோட தம்பி பேரனுக்குப் பொண்ணு."

எஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தென்னேரிக்காரங்க வருவாங்கன்னு எங்க மாமியார் சாவற வரிக்கும் சொல்லிக்கினே இருந்துச்சி. இவ்ளோ லேட்டா வர்றீங்களே!" என்றார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பதிவேடு பழுப்பேறி, ஓரமெல்லாம் உதிர்ந்து இருந்தது. நான் தொடக்கூடாது, அவரே புரட்டினார். ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றது. பெயர் யாக்கோபு. முந்தின பெயர் பெரியாண்டி. தகப்பன் வேம்பன். தாய் பச்சையம்மாள். ஊர் தென்னேரி. தொழில் கூலி.

வேம்பன், பச்சையம்மாள் என்று இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது அழுதுவிட்டேன். எங்களை ஏட்டில் எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்று ஒரு வருஷமாக ஊரையும் அலுவலகங்களையும் திட்டிக்கொண்டு திரிந்தவள் நான். பெரியாண்டிக்கு நேராக டேஷ் போட்டது யார்? நானேதான். நாங்கள் விட்டுவிட்ட மனிதர், தன்னைப் பெற்றவர்களின் பெயரைத் தெளிவாகச் சொல்லி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வெட்கத்தையும் அந்த அழுகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் அதோடு விடவில்லை. "இரும்மா, கல்யாண ரிஜிஸ்டர் ஒண்ணு இருக்குது" என்று அடுத்த ஏட்டை எடுத்தார். யாக்கோபின் கல்யாணம். சாட்சிக் கட்டத்தில், தென்னேரி முனியன், மணமகன் தம்பி, கைநாட்டு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கருநீல மையில் ஒரு பெருவிரல் ரேகை.

என் கொள்ளுத்தாத்தாவுக்குப் புகைப்படம் கிடையாது. அவர் உடம்பின் அடையாளம் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ரேகை மட்டும்தான். அதுவும் எங்கே? அண்ணன் கல்யாணத்தில், சபை ஏட்டில். உடனே அத்தைக்குப் போன் போட்டேன். அத்தை, "அப்ப தாத்தா கல்யாணத்துக்குப் போயிக்கீறாரு. சாட்சி வேற நின்னுக்கீறாரு. எங்கப்பா மட்டும் எதுக்குடி அப்டி மொறச்சிக்கினே இருந்தாரு?" என்றார். என்ன சண்டையோ, அது எந்த ஏட்டிலும் இல்லை.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று எஸ்தர் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, சீனுவுக்கும் சேர்த்து. கை கழுவும்போதே மணி 1.10. ஒன்றேகாலுக்குக் கிளம்பி, சீனு முழங்காலை மறந்து ஓட்டியதில் 2.05க்கு ஹாலுக்குள் ஓடினேன். பவித்ரா தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாள். புதுத் தாள் வாங்கினேன், இன்னொரு 15 ரூபாய். முதலில் நிரப்பியது உடன்பிறந்தவர் கட்டம்தான். பெரியாண்டி என்கிற யாக்கோபு, அவர் வழியில் எஸ்தர் சொல்லிக் கொடுத்த பதினொரு பெயர்கள். பிறகு மேலே போய் வேம்பன், பச்சையம்மாள். மணி 2.40க்குக் கிளிப்பை மாட்டினேன். ஐந்து தலைமுறை!

தணிகாசலம் அண்ணன் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே படித்தார். பச்சையம்மாளிடம் வந்ததும் நின்றார். தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி என் படத்தைப் பார்த்தார்.

"எங்களுது ஏழு தலமுறை இருக்குது. அஞ்சாவதுல பொம்பள பேரு ஒண்ணுகூட இல்லியேம்மா" என்றார்.

உண்மைதான். நிலப் பத்திரம் தகப்பன் பெயரை மட்டும் கேட்கும். கூலிக்காரனின் ஞானஸ்நான ஏடு தாயின் பெயரையும் கேட்டிருக்கிறது. போன வருஷத்துப் பல்கடிக்கு ஈடாகச் சொல்ல என்னிடம் நான்கு பதில்கள் தயாராக இருந்தன. "உங்க பக்கமெல்லாம் காகிதம் பத்தாதுண்ணா" என்று ஒன்றை மட்டும் சொன்னேன். ஒரு நொடி விழித்தார், அப்புறம் ஹால் அதிரச் சிரித்தார். மூன்று மணிக்கு என் படத்தைக் கயிற்றிலிருந்து இறக்கித் தொகுப்பில் வைத்தது அவர்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் நிலையத்தில் இரண்டு காபி குடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு நாளும் ஒதுக்குங்கள், ஒரு நாளில் ஆகாது. சபைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், ஆராதனை முடியும் வரை பொறுமையாக உட்காருங்கள். அனுமதி கேட்டுத்தான் படம் எடுக்க வேண்டும், பிளாஷ் போடக்கூடாது. குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பழைய ஏட்டின் பக்கத்தில் பேனாவைத் திறக்கவே விடமாட்டார்கள். நிலம் இல்லாத குடும்பமா? பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, கல்யாணப் பதிவேட்டின் சாட்சிக் கட்டம், இரண்டையும் விடாதீர்கள். எனக்கு மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள் அடங்கியது.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் வீட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்காருங்கள். எந்தப் பெயரை எடுத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு ஒருவர் எழுந்திருக்கிறாரோ, அந்தப் பெயரில் தொடங்குங்கள்.