கண்டாலா இறக்கமும் பெயிண்டர் கண்ணுசாமியும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் பெயிண்டராக இருந்தவர் கண்ணுசாமி. பஸ்ஸில் ஏறினாலே குமட்டும் ஆள். சேலத்துக்கு வடக்கே போனதே இல்லை. அப்படிப்பட்டவர் நாமக்கல்லிலிருந்து பம்பாய் வரைக்கும் ரோடு போட்டார். எல்லாம் பிளைவுட் பலகையில்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷ வாக்கில் தொடங்கிய பைத்தியம் அது. அமாவாசை அன்று பட்டறைக்கு விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறை மேஜைமேல் பலகைகளை விரித்து ஒன்றோடொன்று சேர்த்துப் போடுவார். விளையாட நாங்கள் மூன்று பேர்: சொந்த வண்டியைத் தானே ஓட்டும் தங்கசாமி, ஆள் வைத்து வண்டி ஓட்டும் நாச்சிமுத்து, லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த நான். ஆளுக்கொரு மரலாரி. மிஞ்சிய மரத்துண்டில் செதுக்கி, செருப்பு ரப்பரில் சக்கரம் வெட்டி மாட்டி, நெற்றியில் அவரவர் குலதெய்வத்தின் பெயர்கூட எழுதியிருந்தார். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு வண்டியை நகர்த்த வேண்டும். சிவப்பு மைல்கல்லில் நின்றால், பெயிண்ட் டப்பாவிலிருந்து கண்ணுசாமி ஒரு சீட்டை எடுத்துப் படிப்பார். பஞ்சர், மழை, செக்போஸ்ட், கிளீனர் தூங்கிவிட்டான் என்று ஏதாவது இருக்கும். அவர் படித்ததுதான் சட்டம். அவர் விளையாட மாட்டார். எங்களை விளையாட வைப்பார். வேண்டியவன், வேண்டாதவன் என்று ஒரு தடவைகூடச் சீட்டை மாற்றிப் படித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஒவ்வொரு அமாவாசைக்கும் அடுத்த பலகை தயாராக இருக்க வேண்டும். இருந்தால்தானே! பம்பாய் போய் வந்த டிரைவர்களை டீக்கடையில் மடக்கி, "அந்த வளைவுல நிக்கறது புளியமரமா, வேப்பமரமா?" என்று உயிரை வாங்குவார். ஹூப்ளியைப் பாதி வரைந்து வைத்துவிட்டு, திடீரென்று தகரத்தில் பெட்ரோல் பங்க் செய்ய உட்கார்ந்துவிடுவார். அது முடியுமுன் ஒரு பாலம். பாலத்துக்குக் கைப்பிடி வைக்குமுன் அமாவாசை வந்துவிடும். அவர் மனைவி சௌந்திரம், "ஊட்டுக் கதவு துருப்புடிச்சுக் கெடக்குது, அதுக்கொரு கை பெயிண்ட் அடிக்க நேரமில்ல. பம்பாய்க்கு மட்டும் ரோடு போட்டுட்டே இருக்கறாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, நாச்சிமுத்துவின் மரலாரிக்கு ஹூப்ளி தாண்டி ஸ்பிரிங் பட்டை உடைந்ததாகச் சீட்டு விழுகிற வரைக்கும். அடுத்த மாதமே அவருடைய நிஜ வண்டிக்கும் ஹூப்ளிப் பக்கம் பட்டை உடைந்தது. அளவுக்கு மீறி லோடு ஏற்றினால் உடையாமல் என்ன செய்யும்? ஆனால் எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் ஏறாது. அதற்கப்புறம் நாச்சிமுத்து செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். தங்கசாமி தாயக்கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருட்டினான். கோயிலில் பூ வைத்து வாக்குக் கேட்பார்களே, அந்த முகம் வந்துவிட்டது இருவருக்கும். "நானே எழுதின சீட்டுடா, பென்சில்ல எழுதினது" என்று கண்ணுசாமி கத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

அந்த ஆடி அமாவாசைக்குக் கண்டாலா இறக்கத்தை அவசர அவசரமாக வரைந்து வைத்திருந்தார். பூனாவிலிருந்து பம்பாய்க்கு இறங்கும் மலைப்பாதை. டிரைவர்கள் பேரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். தங்கசாமியின் நிஜ வண்டியும் மறுநாள் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு அங்கேதான் போகவிருந்தது. அந்தப் பக்கத்து விரத மாதத்துக்கு ஜவ்வரிசி போய்ச் சேர வேண்டும் என்று மண்டிக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மில் கீறல் விட்டிருப்பதாக மெக்கானிக் சின்னண்ணன் சொல்லியிருந்தார். புது டிரம் சேலத்திலிருந்து வர மூன்று நாளாகும்.

"பலகைல கேட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கறேன்" என்று தங்கசாமி சொன்னான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் மனைவி வசந்தாமணியையும் கூட்டி வந்திருந்தான். அந்தப் பெண் பட்டறை வாசலிலேயே நின்று, "ஏனுங்ண்ணா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

தங்கசாமி உருட்டினான். ஐந்து. வண்டி நேராகப் போய் இறக்கத்தின் நடுவில், சிவப்புக் கல்லில் நின்றது. கண்ணுசாமி டப்பாவுக்குள் கை விட்டுச் சீட்டை எடுத்தார். பிரித்தார். வழக்கமாக எடுத்தவுடன் படித்துவிடுகிறவர், அன்றைக்குச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரேக் புடிக்கல" என்றார். "வண்டி பள்ளத்துல."

மரலாரியை விரலால் தள்ளிவிட்டார். அது மேஜையிலிருந்து தரையில் விழுந்து, ஒரு சக்கரம் கழன்று ஓடியது. வசந்தாமணி "அய்யோ சாமீ" என்று உட்கார்ந்துவிட்டாள். தங்கசாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"டிரம்ம மாத்தாமப் போகாத தங்கசாமி. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றார் கண்ணுசாமி.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அது எவ்வளவு நேரத்துக்கு? தங்கசாமி குனிந்து மரலாரியை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெல்ல அவன் முகம் தெளிந்தது.

"போச்சு!" என்றான். "வர இருந்த கண்டம் பொம்மையோட போச்சு! ஏன் புள்ள, உங்க சித்தப்பனுக்கு ஜாதகத்துல தோசமுன்னு மொதல்ல வாழமரத்துக்குத் தாலி கட்டி வெட்டுனாங்கல்ல? அப்பறம் சித்தி நல்லாத்தான இருக்குது? அதாட்டந்தான் இது. இனி எனக்கு ஒண்ணும் ஆவாது."

நாச்சிமுத்து, "அட ஆமா!" என்றார். வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. மரலாரியைக் கிணற்றில் போட்டுவிடலாமா, மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைக்கலாமா என்று மூவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்ணுசாமி எழுந்தார். கையில் கசங்கியிருந்த சீட்டைத் தங்கசாமியின் முகத்துக்கு நேரே விரித்தார். 'ரோடு காலி. இறக்கம் சுகம்' என்று இருந்தது.

"பொய் சொன்னேன்டா. நீ செத்துப் போயிருவீன்னு பயந்து பொய் சொன்னேன். சீட்டுல கண்டமே இல்ல."

தங்கசாமி சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"சுகமுன்னுதான போட்டிருக்குது? அப்ப இன்னும் நல்லதாப் போச்சுங்ண்ணா!" என்றான்.

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. என்னதான் செய்வார் அந்த மனுஷர்?

மறுநாள் காலையில் மண்டி வாசலில் வண்டி லோடு ஏறி நின்றது. தார்ப்பாய் கட்டியாயிற்று. பில்டி என்கிற சரக்கு ரசீதைக் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். பூசணிக்காய் உடைத்துவிட்டுத் தங்கசாமி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபோது, பெயிண்ட் கறை படிந்த லுங்கியோடு கண்ணுசாமி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து கேபினில் ஏறிக்கொண்டார்.

"எங்கீங்ண்ணா?"

"பம்பாய்க்கு. நானும் வாரேன்."

"வெளையாடாதீங்க."

"நான் எப்படா வெளையாடினேன்? கண்டாலாவ நேர்ல பாத்தாத்தான் பலகைல சரியா வரைய முடியும். மரமெல்லாம் ஊகத்துல போட்டிருக்கறேன். எடு வண்டிய."

தங்கசாமி சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தான். வண்டி உறுமியது. கண்ணுசாமி இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகரவே இல்லை, அதற்குள் அவருக்கு வியர்த்து ஊற்றியது. ஆனால் இறங்கவில்லை. நான் அவரை இறங்கச் சொல்லிக் கதவைத் தட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, சௌந்திரம் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். புருஷனைப் பார்த்தார். டிரைவர் பக்கம் போய் நின்றார்.

"ஏனுங் தம்பி, கூட்டிட்டுப் போறதுன்னாக் கூட்டிட்டுப் போங்க. இவரு சொன்னாக் கேக்க மாட்டாரு. ஆனாத் திருப்பிக் கொண்டாந்து ஊட்டுல உடறது உங்க பொறுப்பு. அதுக்கு மட்டும் ஒரு வாக்குக் குடுத்துட்டுப் போங்க."

தங்கசாமியின் கை கியர் கம்பியிலேயே இருந்தது. வாக்குக் கொடுக்க வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மண்டிக்காரர் உள்ளேயிருந்து, "என்னப்பா, இன்னும் கெளம்பலையா?" என்று கத்தினார். சௌந்திரம் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தங்கசாமி எஞ்சினை நிறுத்தினான்.

"எறங்குங்ண்ணா" என்றான். தானும் இறங்கி, கருவிப் பெட்டியைத் திறந்து ஜாக்கியை வெளியே இழுத்துப் போட்டான். தன் உயிரைப் பலகையிடம் விட்டவனுக்கு, அடுத்தவர் வீட்டு மனுஷனை அப்படி விட மனசு வரவில்லை. சின்னண்ணன் வந்து டிரம்மைக் கழற்றிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் பிளந்து விழுந்தது. தங்கசாமி ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கண்ணுசாமியோ பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

புது டிரம்மோடு போய் அவன் சுகமாகத் திரும்பினான். வந்தவன் சும்மா இருந்தானா? லாரி ஸ்டாண்டு முழுக்கப் பலகையின் மகிமையைப் பரப்பிவிட்டான். "சீட்டு பொய்யின்னு அவரே சொன்னாரேடா" என்று நான் கேட்டதற்கு, "சீட்டுல இல்லாததை அவரு வாயில வரவெச்சது யாருங்க?" என்று என்னையே மடக்கினான்.

அடுத்த அமாவாசைக்குக் கண்ணுசாமி ராப்பகலாக உட்கார்ந்து பம்பாய்த் துறைமுகத்தைச் செய்து முடித்திருந்தார். முதல்முறையாக வேலை நேரத்துக்கு முடிந்திருந்தது. தகரத்தில் கப்பல்கூட இருந்தது. கடைசி ஆட்டம், யார் முதலில் போய்ச் சேர்வது என்று தெரியப்போகிறது. அவர் பட்டறைக் கதவைத் திறந்தபோது வெளியே டிரைவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் கையில்.

கண்ணுசாமி எரிந்து விழுந்தார். போகச் சொன்னார். யாரும் நகரவில்லை. முன்னால் நின்ற ஆள் டயரில் நூல் தெரியும் வண்டியில் கல்கத்தா போகிறவன் என்பது எங்களுக்குத் தெரியும். கண்ணுசாமி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். டப்பாவுக்குள் கை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். பிரிக்காமலே, "டயரை மாத்து" என்றார். அவன் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராக டயர் கடைக்கு நடந்தான். அடுத்தவனுக்குப் பிரேக். அதற்கடுத்தவனுக்கு, "தூங்கி எந்திரிச்சுப் போட்டு அப்பறம் வண்டியெடு." ஒருவன்கூட எதிர்த்துப் பேசவில்லை.

கூட்டம் கலையப் பொழுது சாய்ந்துவிட்டது. பலகையின் ஓரத்தில், பெல்காமுக்கு மேலே, கற்பூரம் எரிந்து பெயிண்ட் கருகியிருந்தது. கண்ணுசாமி அதைத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. பிறகு தாயக்கட்டையை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"வா. நாம நாலு பேரும் கடைசி ஆட்டத்தைப் போட்டு முடிச்சரலாம்."

நாச்சிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"என்னங்க நீங்க? சாமிகிட்டப் போயி வெளையாடலாமுங்களா?"