மூன்றாம் படியில் நின்றவள்

ஹட்டன் கடைத்தெருவில், ஒரு புடவைக் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து அந்த அறைக்கு ஒரு கணினி வந்தது. அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் தொண்டர்களைச் சேர்ப்பது என் வேலை. அதுவரை விவரமெல்லாம் பாதி ஒரு கொப்பியில், மீதி எங்கள் பொறுப்பாளரின் ஞாபகத்தில். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, குளிரைத் திட்டித் திட்டியே இங்கு தங்கிவிட்ட ஆசிரியர்.

கொழும்பில் ஆறு வாரம் படித்துவிட்டு வந்து, அந்தக் கணினிக்குள் ஏழு படி கட்டினேன். விண்ணப்பம் ஒன்று. நேர்முகத்துக்கு அழைப்புக் கடிதம் இரண்டு. வருகிறேன் என்ற பதில் மூன்று. பிறகு நேர்முகம், இரண்டு பேரின் சாட்சி, ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி, கடைசியாக வகுப்பறை. ஒரு படியில் கால் வைத்தால்தான் அடுத்தது திறக்கும். முடிந்த படி பச்சையாகும். செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் முதல் துளிர் வருமே, அந்தப் பச்சையைத் தேடியே ஒரு மாலை போனது. பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் அந்த ஆளின் வரி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாரும் குறுக்கே ஏறக்கூடாது என்று, நானே நினைத்தாலும் திறக்க முடியாத பூட்டாகப் போட்டிருந்தேன்.

டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து ஏழு விண்ணப்பம் வந்தது. ஏழும் சாம்பலாயிற்று.

அந்தப் பிரிவில் வகுப்புக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா புதிதாகக் கட்டப்பட்டு, பழையது சும்மா கிடந்தது. மாத முடிவுக்குள் வகுப்புத் தொடங்கினால் அது எங்களுக்கு, இல்லையென்றால் உர மூட்டைக்கு என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லியிருந்தார்.

"அவங்களுக்கு விருப்பமில்ல போல, சேர்," என்றேன்.

பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஏழு பேரும் ஒண்டா மனம் மாறீட்டினமோ? உம்மட பெட்டியைக் கொஞ்சம் விசாரியும் பிள்ளை."

பெட்டி பொய் சொல்லாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்கு ஒரு கிழமை இருக்கையில், ஞாயிறு காலை, ஒரு பெண் மாடியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். நனைந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் மெல்லிய ரத்தக் கோடு. கொழுந்து எடுக்கிறவள், ஓ.எல். வரை படித்தவள். ஏழு சாம்பல் வரிகளில் முதல் வரி அவள்தான்.

"மிஸ், என்னைய ஏன் வேணாம்னுட்டீங்க?"

"நாங்க சொல்லலியே. நீங்கதான் பதில் போடல."

"எதுக்குப் பதிலு?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன். கடிதம் அனுப்பிய திகதி, பதினான்கு நாள், சாம்பல். விரலை வைத்து வாசித்தாள். பிறகு மேசையில் மிஞ்சிக் கிடந்த உறை ஒன்றை எடுத்தாள். கணினியே அச்சடித்த முகவரி. மேலே பெரிய எழுத்தில் தோட்டத்தின் பெயர், அடியில் பொடி எழுத்தில் ஆளின் பெயர்.

"இப்புடிப் போட்டா, தொரைக்கு வந்த கடுதாசின்னு கிளாக்கரையா கம்பியில குத்தி வச்சிருப்பாரு. ஆளு பேரு மேல இருந்தாத்தான் காலையில பெரட்டுல கூப்புட்டுக் குடுப்பாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மிஸ்ஸுக்கு எந்தப் பக்கம்?"

சொன்னேன். கினிகத்தேனைப் பக்கம் ஒரு தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயம், ஐந்தாவது காம்பரா.

"அடியாத்தி! லயத்துல பொறந்துகிட்டா லயத்துக்கு இப்புடிக் கடுதாசி போட்டீங்க?"

உள்ளறையில் பொறுப்பாளர் சிரிப்பது கேட்டது. எனக்குக் காது சுட்டது. விடியலில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் எனக்குத் தெரியாததா? நான் பரீட்சையில் தேறிய கடிதம் அங்கேதான், அத்தனை பேர் பார்க்க, அம்மாவின் கைக்கு வந்தது. அம்மா அதைக் கொழுந்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டே மலையேறினாள். ஆறே மாதத்தில், ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் களத்தை எங்கே தொலைத்தேன்?

"அடுத்த ஞாயிறுதான் பயிற்சி. அத விட்டா மூணு மாசம்," என்றேன்.

"மூணு மாசமா? அதுக்குள்ள காம்பராவுல உரமே மொளச்சிரும் மிஸ்."

அங்கேயே நேர்முகம் நடந்தது. ஒரு பிள்ளை வாசிக்க வெட்கப்பட்டால் என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

"பக்கத்துல உக்காந்து நானும் தப்புத் தப்பா வாசிப்பேன். அது திருத்தும்."

சாட்சிப் படிவம் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டது. "போனு இருக்கவங்களுக்கு என்னையத் தெரியாது. தெரிஞ்சவங்களுக்குப் போனு இல்ல," என்றாள். நேரில் போய்க் கேட்கிறேன் என்று பொறுப்பாளர் குடையை எடுத்து வைத்தார்.

பூட்டு திறக்காது என்பதால், அன்று முழுக்க, கட்டிய படிகளையே பிரித்தேன். பதினான்கு நாள் பூட்டைக் கழற்றினேன். 'கடிதம் அனுப்பியாயிற்று' என்பதை எடுத்துவிட்டு, 'ஆளிடம் சேர்ந்ததா? பெரட்டில் சொன்னது யார்?' என்று போட்டேன்.

"கொம்பியூட்டருக்குப் பெரட்டு எண்டால் விளங்குமோ?"

"சொல்லிக் குடுத்தாச்சு சேர்."

அந்தப் பெண் மற்ற ஆறு பெயரையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிப் போயிருந்தாள். மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை வேலை பிரித்து முடித்ததும், முன்னால் போய் நின்று ஆறு பெயரையும் கூப்பிட்டாளாம். "யாரு, புதுக் கணக்கப்பிள்ளையம்மாவா?" என்று கூட்டம் கேலி பண்ண, "ஆமா, சிரிச்சவங்களுக்கெல்லாம் இன்னிக்கி அரைநாள் சம்பளந்தான்," என்றாளாம்.

பயிற்சிக்கு அவளையும் சேர்த்து நான்கு பேர் வந்தார்கள். இருவருக்கு வீட்டில் சம்மதமில்லை. ஒருத்தி அதற்குள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கடிதம் அவள் கைக்கு நேரத்தில் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் எனக்குள் புரண்டு படுக்கிறது.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, உத்தரத்தில் பழைய தொட்டில் கயிறுகள் ஆட, வகுப்புத் தொடங்கியது. துரை எட்டிப் பார்த்துவிட்டு, உரத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் போனார். ஏழாம் படியை அழுத்தினேன். தேடித் தேடி எடுத்த அந்தப் பச்சை திரையில் விரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு, அவள் மறுபடி வந்தாள். கையில் ஓர் உறை, நடுவில் கம்பி குத்திய ஓட்டை. முகத்தை மிகக் கண்டிப்பாக வைத்திருந்தாள்.

"மிஸ், கிளாக்கரையா கம்பியத் துப்புரவு பண்ணி நேத்துப் பெரட்டுல குடுத்தாரு. நேர்முகத்துக்கு வரச் சொல்லிப் போட்டிருக்கீங்க." உறையை மேசையில் வைத்தாள். "வந்துட்டேன். உக்காரட்டா?"