கதவை நீங்களே சாத்துங்க

“அண்ணே, இந்தக் கதவை ஒருக்கா நீங்களே சாத்தித் தெறங்க,” என்கிறாள் மாயக்காள். வீடு காட்ட வந்தவர் இழுக்கிறார். கதவு தரையில் முட்டி நிற்கிறது. தோளால் தள்ளுகிறார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று அவர் விரல்கள் தேடுவதற்குள் மாயக்காள் பாதித் தெருவைக் கடந்துவிட்டாள். பின்னால் ஓடுவது, வீடு தேடத் துணைக்கு வந்த நான்.

“சொந்தக் கதவுன்னா கை வச்சதும் கேக்கும் தம்பி. இந்தாளு அதுகூட மல்லுக்கட்டுறாரு.”

நடந்துகொண்டே பேசுவாள், நடந்துகொண்டே வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவாள். ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற அட்டை எங்கே தொங்கினாலும் அதைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு பக்கத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்பாள். செம்பு காலியாவதற்குள் அந்த வீடு யாருடையது, அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஜெயமங்கலத்துக்காரி. கணவர் சின்னக்கருப்பு, நான் கணக்கெழுதும் போடி ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்க வந்தார். இவளும் கூடவே வந்தாள். பறிப்புக் காலத்தில் இங்கே பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறிவிடும். அப்படிப் பூட்டிய வீடொன்றில் அட்டை தொங்கியது. கோட்டுப் போட்ட ஒருவன் எங்கிருந்தோ ஒரு சாவியோடு வந்து, என் வீடுதான் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டான். மாயக்காள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினாள். பால் பொங்கும் நேரத்தில் வாசலில் பொதிக்கழுதைகள் வந்து நின்றன. மலையிலிருந்து இறங்கிய நிஜச் சொந்தக்காரர்!

“‘ஆரு ஆத்தா நீ, என் வீட்டு அடுப்புல?’ன்னு கேட்டாக. காய்ச்சுன பாலைக் கீழயா ஊத்த முடியும்? அவுகளுக்கே ஊத்திக் குடுத்துட்டு வந்தேன். அவுகளும் பாவம், குடிச்சாக.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றிலிருந்துதான் இந்தக் கதவுச் சோதனையும் பக்கத்து வீட்டுத் தண்ணீரும்.

இப்போது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் படுக்கை மண்டிக் கொட்டகையின் ஒரு மூலையில். சுருளிப்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் சண்முகத்தாய்க்கு மாதம் நிறைந்துவிட்டது. தலைப்பிரசவம். “தாய் வீட்டுக்கு வான்னு சொல்லி விட்டுட்டேன். மக வாரா, வீட்டைத்தான் காணோம்,” என்பாள். அடுத்த நிமிடம் வேறொரு தெருவில் இருப்பாள்.

“நீ கதவு பாத்து முடிக்கிறதுக்குள்ள பேரனே நடந்து வந்து வீடு பாத்துருவான்,” என்று சின்னக்கருப்பு கிண்டல் செய்வார்.

“வரட்டும். அவனாவது மூட்டைக்குப் பின்னால ஒளியாம எங்கூட வருவான்.”

நேற்று சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்தோம். உரிமையாளர் பஞ்சம்மாள், வயதானவர், தனியாள். கதவைச் சாத்தச் சொன்னதும் பாக்கை மென்றபடியே இடது காலால் அடிப்பக்கத்தை லேசாக நெம்பி, ஒரு தள்ளு தள்ளினார். தாழ்ப்பாள் தானாக விழுந்தது. மாயக்காள் பக்கத்து வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். வாடகையும் பேசி முடிந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அவளோ சாவிக்குக் கை நீட்டாமல் நின்றாள்.

“அத்தே, நானும் ஒண்ணை மறைக்காமச் சொல்லிறணும். எம்மக பிள்ளை பெற வாரா. இங்கனதான் பெறணும்.”

தீட்டு என்று இதற்காகவே மறுத்த வீடுகள் உண்டு. சாவி கைக்கு வந்த பிறகு சொல்லக்கூடாதா என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பஞ்சம்மாள் மென்றுகொண்டே இருந்தார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“ஏத்தா, எம்பிள்ளைகளை எல்லாம் நான் காட்டுலயா பெத்தேன்? உள்ள போயி உத்தரத்தைப் பாரு.”

மாயக்காள் உள்ளே போய் அண்ணாந்தாள்; உத்தரத்தில் கயிறு உராய்ந்த பழைய தடம் இருந்தது. வலியெடுக்கும்போது பெண் பிடித்துக்கொள்ள உத்தரத்தில்தான் கயிறு கட்டுவார்கள். கொல்லையில் கிடந்த தாம்புக் கயிற்றை எடுத்து வந்தாள். உத்தரத்தின் மேல் வீசி இழுத்து முடிச்சிட்டாள். பிறகு இரண்டு கைகளாலும் அதை இறுகப் பற்றி, முழங்கால்களை மடக்கி, தன் முழுப் பாரத்தையும் விட்டுத் தொங்கினாள்.