அடி வளையத்தின் பக்கத்தில் ஒரு குழி

பூச்சு ஒட்டாமல் விலகிய அந்த இடத்துக்குக் காரணம் என் விரலில் இருந்த எண்ணெயா, மகளுக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விரல் என்றால் கெட்டது அந்த ஓரிடம் மட்டும். சிரிஞ்ச் என்றால் என் கணவருக்காக நான் கட்டிய தூண்டில் கம்பு முழுவதையும் சந்தேகிக்க வேண்டும்.

நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இருக்கிறோம். கடலுக்குப் போக நான்கைந்து மணி நேரம் வான் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனாலும் என் கணவர் கலியாணத்துக்கு முன்பிருந்தே வருஷத்துக்கு மூன்று தடவையாவது திருகோணமலைக்குப் போய்ப் பாறைமேல் நின்று தூண்டில் போடுகிறவர். கூடப் போவது கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அவருடைய சினேகிதர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் புசல்லாவைக்கு மாமியாரைப் பார்க்கப் போகும்போது, மழையில் ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, கணவரின் வலது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்துப் பொருத்தினார்கள். எழுத முடிகிறது, சோறு பிசைய முடிகிறது. ஆனால் அவருடைய பழைய கண்ணாடி நார்க் கம்பு தடித்தது, பாரமானது. பத்து நிமிஷம் பிடித்தால் கை நடுங்கும். அது அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

நானா இரண்டாவது தடவையாகக் கூப்பிட வந்தபோது நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், இந்த முறையும் ஏலாதா?"

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ஆபீஸ்ல வேலை."

"லீவு நாள்ல என்ன ஆபீஸ்? மீனெல்லாம் ஒங்களத்தான் கேக்குது."

கணவர் சிரித்தார். நானா போனபின் கதிரையில் ஏறி, அலுமாரி மேலிருந்த கம்பை எடுத்து, பழைய சாரத்தால் தூசி துடைத்து, திரும்ப அங்கேயே வைத்தார். ஆபீஸில் அந்த வாரம் ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் நானாவுக்குப் போன் எடுத்தேன். பாரமில்லாத கம்பொன்றை நாமே கட்ட முடியுமா என்று கேட்டேன்.

"கட்டலாம் தங்கச்சி. மொட்டைக் கம்ப நான் கொழும்புல எடுத்துத் தாரன். ஆனா சாமான நீங்கதான் தெரியோணும். அவர்ட கை அவரவிட ஒங்களுக்குத்தான் வெளங்கும்."

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. நான் தப்பாகத் தெரிவு செய்தால் அவர் ஒரு தடவை முயன்று பார்ப்பார், வலிக்கும், இனி வேண்டாம் என்று முடித்துவிடுவார். மூன்றாவது தடவை கேட்க நானாவுக்கும் மனம் வராது.

வளையமும் பிடியும் இல்லாத மூன்று மொட்டைக் கம்புகள் வந்தன. ஒன்று கார்பன், ஒன்று கண்ணாடி நார், ஒன்று இரண்டும் கலந்தது. நுனியில் தங்கூஸ் நரம்பு கட்டி, அதில் அரைக் கிலோ மைசூர்ப் பருப்புப் பையைத் தொங்கவிட்டு, கணவரைத் தூக்கச் சொன்னேன்.

"பருப்பு பிடிக்கவா இவ்வளவு பாடு?"

"பேசாமத் தூக்குங்க."

அவர் புருவம் சுருங்கும்வரை மனதுக்குள் எண்ணினேன். கார்பனில்தான் அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் அது பாறையிலோ வான் கதவிலோ ஒரு தடவை இடிபட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒருநாள் மீனோடு இழுபடும்போது படாரென்று உடையும் என்று நானா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு மூன்று சில்லு சைக்கிளும் இருக்கிறது. கலந்ததை எடுத்தேன். அன்று பின்னேரமே கார்பனை எடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. நானாவுக்குத் திரும்பப் போன் எடுக்க வெட்கமாக இருந்தது.

பிறகு தங்கூஸ் ஓடும் வளையங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளத்த ஒன்றும், மங்கல் சாம்பல் நிறத்தில் ஒன்றும் மாதிரிக்குக் கிடைத்தன. எனக்குப் பளபளத்தது பிடித்திருந்தது. கண்டியில் கடல் இல்லாததால் ஜாம் போத்தலில் தண்ணீர் எடுத்து, கை நிறைய உப்புப் போட்டு, இரண்டையும் அதற்குள் விட்டுக் குசினி ஜன்னலில் வைத்தேன். நாலாம் நாள் பளபளத்த வளையத்தின் ஒட்டில் பழுப்புக் கசிந்தது. மற்றதற்கு ஒன்றும் ஆகவில்லை. நானாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கறி உப்பும் கடல் உப்பும் ஒண்டில்ல தங்கச்சி," என்றார் அவர். "ஆனாலும் நீங்க பரவாயில்ல. நான் யாவாரம் செய்றவன், இப்படியெல்லாம் செஞ்சு பாத்ததில்ல."

கைபிடிக்குத் தக்கையா, ரப்பர் மாதிரியான நுரையா என்று ஒரு வாரம் யோசித்தேன். தண்ணீர் வாளியின் மெல்லிய பிடியைத் தூக்கும்போது கணவருக்கு வலிக்கும், ரொட்டிக் கட்டையை உருட்டும்போது வலிக்காது. ரொட்டிக் கட்டையின் சுற்றளவை நூலால் அளந்து, அதே தடிப்பில் நுரைப் பிடி போட்டேன். ஈரத்திலும் வழுக்காது. பின்பக்கத்தை நீளமாக விட்டேன், கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் மணிக்கட்டுக்குப் பாரம் குறையும்.

வளையங்களைக் கட்டும் நூலுக்கு மகள் ஆரஞ்சு நிறம் கேட்டாள். விளக்குமாற்று ஈர்க்கில் சுற்றி, நூலை இறுக்கும் பூச்சு வைத்துப் பார்த்தேன். நனைந்த செங்கல் போலாகிவிட்டது.

"அம்மா, இது அழுக்கு."

ஆகவே நிறம் காக்கும் அடிப்பூச்சு ஒன்றை முதலில் தடவ வேண்டியதாயிற்று. அது காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தேன். அங்கேதான் என் பழக்கம் வருகிறது. காஸ் மூடியதை மூன்று தடவை பார்ப்பேன். காய்ச்சல் இல்லாத பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பேன். அன்றைக்குக் காலையில்தான் மகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்டிருந்தேன். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். கழுவியது ஞாபகம் இருக்கிறது. நகத்துக்கடியில் தேய்த்தேனா என்பதுதான் ஞாபகம் இல்லை.

மேற்பூச்சு எபொக்சி. இரண்டு திரவங்களைச் சரிசமமாகக் கலக்க வேண்டும், ஒன்று கூடினாலும் பிசுபிசுப்புப் போகாது. எங்கள் வீட்டில் துல்லியமாக அளக்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான், காய்ச்சல் மருந்தோடு வரும் சிரிஞ்ச். அலுமாரியில் இரண்டு இருந்தன. கழுவிக் காயவைத்து, அவற்றாலேயே அளந்தேன். அதற்குள் ஓடும் ரப்பர் வழுக்கிப் போவதற்குத் தடவியிருக்கும் எண்ணெய்ப் பசை பூச்சோடு சேராது என்று நானா சொன்னது பிற்பாடு.

பூச்சு ஒருபக்கமாக வழியாமல் இருக்கக் கம்பு மெதுவாகச் சுழல வேண்டும். வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகளைச் சுற்றவைக்கும் சின்ன மோட்டாரை நானா கடையிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டு அட்டைப் பெட்டிகளில் வெட்டு வைத்து, கம்பை அவற்றின்மேல் கிடத்திச் சுழலவிட்டோம். மகள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, லைட் போடலியா?"

"இது மீனுக்கு வெசாக்கும்மா. மீனுக்கு இருட்டிலயும் கண்ணு தெரியும்."

மறுநாள் காலையில் கம்பு முழுக்கக் கண்ணாடி போல மின்னியது. அடி வளையத்தின் பக்கத்தில் மட்டும், ஒரு பச்சைப்பயறு அளவுக்குப் பூச்சு விலகி நூல் தெரிந்தது, சேம்பிலையில் தண்ணீர் விலகுவது போல. ஒரு துளி கலந்து அதற்குள் வைத்தேன். அதுவும் விலகியது. அதையும் அதே சிரிஞ்சால்தான் அளந்தேன் என்பது பிறகுதான் புத்திக்கு எட்டியது.

பூச்சு இறுகி முடிந்தபோது நானா திருகோணமலைக்குப் போக ஆறு நாள்தான் இருந்தது. வெட்டி, திரும்பச் சுற்றி, இரண்டு பூச்சும் வைத்தால் இந்த மழைக்காற்றில் இறுக எட்டு நாளாவது வேண்டும். அதைச் சொல்ல முற்றத்துக்குப் போனேன். கணவர் ரீலை மாட்டி, வெறும் ஈயக்குண்டை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வீச்சில் குண்டு எங்கள் ஜம்பு மரத்தில் போய்ச் சிக்கியது. அவர் சத்தமாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

"பாத்தியா, மொத மீனே மரத்துல! நானாவுக்குப் போன் போட்டுச் சொல்லு, சனிக்கிழமை நானும் வர்றேன்னு."

குழியைக் காட்டினேன். பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதுவா? ஒன் கைவேலைன்னு தெரியட்டும், விடு."

விட்டேன். சனிக்கிழமை இருவரும் கிளம்பிய பின் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. காற்று இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டது.

"மீன் மாட்டுச்சாங்க?"

"இல்ல."

கை எப்படி என்று கேட்க வாயெடுத்தேன், அவரே முந்திக்கொண்டார்.

"கை வலிக்கல. காலைலேருந்து நிக்கிறேன், வலிக்கல."

பின்னாலிருந்து நானாவின் குரல்: "தங்கச்சி, இந்தக் கம்புக்குப் பருப்பு மட்டும்தான் மாட்டும்போல!"

அவர் வந்ததும் கம்பை நல்ல தண்ணீரில் கழுவினேன். குழியின் ஓரத்தில், வளையத்தின் காலடியில், மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு. துருவா, அழுக்கா, தெரியவில்லை. ஜாம் போத்தலில் தாக்குப்பிடித்த அதே சாம்பல் வளையம்தான். இந்தக் கம்பை இனி யாரும் தொடக் கூடாது என்கிறார் கணவர். அந்தக் கம்பு இப்போது அலுமாரி மேல் ஏறுவதில்லை, கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அடுத்த பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. பெரிய பாரை மீன் ஒன்று மாட்டி, அந்த நேரம் வளையம் கழன்றால், அவர் நம்பிக்கை இழப்பது என் கம்பின் மீதல்ல, தன் கையின் மீதுதான்.

கடலோரத்தில் இருந்து கம்பு கட்டுகிறவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள். அடி வளையத்தை மட்டும் வெட்டித் திரும்பக் கட்டினால் போதுமா, எல்லாப் பூச்சையும் உரிக்க வேண்டுமா? நீங்கள் சிரிஞ்ச் இல்லாமல் எதால் அளக்கிறீர்கள்? மூன்று வாரத்தில் எட்டு நாள் காய்வதற்கே போய்விடும், கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது.